உயர்நிலை இரண்டில் பாடத் தேர்வு: 2028 வாசலிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

உயர்நிலைப்பள்ளியை முடித்ததாகக் கணக்கில் வர இன்னின்ன பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் பட்டியல் எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் உண்டு: ஆங்கிலம் மூன்று ஆண்டு, சமூக அறிவியல் மூன்று, கணிதம் இரண்டு, அறிவியல் இரண்டு, உடற்கல்வி இரண்டு என்று மாநிலச் சட்டமே குறைந்தபட்சத்தை வகுத்து வைத்திருக்கிறது. இந்தியாவின் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஐந்து முதன்மைப் பாடங்கள், ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு. இங்கே 2003-இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமே தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. உயர்நிலை நான்கு முடிந்ததும் கைக்கு வரும் தாளில் பாடவாரியாகத் தரம்தான் இருக்கும். பாடத் தேவைகளை எல்லாம் வைப்பது அடுத்துப் போகப்போகிற இடம்: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியா, பட்டயப் படிப்புக்கான பலதுறைத் தொழிற்கல்லூரியா, ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகமா.

இது தெரிந்தால் உயர்நிலை இரண்டின் கடைசியில் வரும் பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்புகிற விதமே மாறிவிடும். "எத்தனை பாடம் எடுக்கலாம்", "எந்தக் காம்பினேஷன் நல்ல காம்பினேஷன்" என்று தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் உயர்நிலை நான்கில் முழிக்கிறார்கள். வாசலில் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வருவதுதான் சரியான வழி. அந்த வாசலின் விதிகள் இப்போது மாறியிருப்பதால், அண்ணன் அக்கா படித்த காலத்துக் கணக்கை அப்படியே தூக்கிப் போடவும் முடியாது.

மாறியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் மதிப்பெண்ணை (குறைவாக இருந்தால் நல்லது) வைத்து மூன்று சேர்க்கைக் குழுக்கள்: 4 முதல் 20 வரை மூன்றாம் குழு, 23-24 இரண்டாம் குழு, 26 முதல் 30 வரை முதல் குழு. முதல் குழுவுக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல்7 என்ற தரநிலை (ஏஎல்1 தான் உச்சம்) அல்லது அதைவிட மேல் இருக்க வேண்டும். 21-22 வாங்கியவர்கள் மூன்றா இரண்டா என்றும், 25 வாங்கியவர்கள் இரண்டா ஒன்றா என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பாடங்கள் தனித்தனியாக ஜி1, ஜி2, ஜி3 (இதுதான் கடினமானது) என்ற நிலைகளில் படிக்கப்படுகின்றன. இரண்டாம் குழுவில் சேர்ந்த பிள்ளை தமிழில் ஏஎல்5 வாங்கியிருந்தால் தமிழை மட்டும் ஜி3-இல் படிக்கலாம். 2027-இலிருந்து சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக எல்லோரும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ், அதாவது எஸ்இசி எழுதுவார்கள். 2028-இல் சேர்க்கை விதிகளும் புதியவை.

தொடக்கக் கல்லூரி வாசலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே போகிற எண்ணம் இல்லாதவர்களும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஜி3 யாருக்கு எதில் தேவை என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இதுவரை எல்1ஆர்5 என்ற கணக்கு: ஒரு முதல் மொழி, தொடர்புள்ள ஐந்து பாடங்கள், மொத்தம் 20-க்குள். 2028 சேர்க்கையிலிருந்து எல்1ஆர்4. ஐந்தே பாடங்கள், மொத்தம் 16-க்குள். ஏ1 என்றால் 1 புள்ளி, பி3 என்றால் 3, சி6 என்றால் 6. குறைவாக இருந்தால் நல்லது. ஐந்தும் ஜி3 பாடங்களாக இருக்க வேண்டும். இடங்கள் இப்படி: முதலிடம் ஆங்கிலம் அல்லது உயர் தாய்மொழி (நமக்கு உயர்தமிழ்), அடுத்தது வரலாறு, புவியியல் போன்ற மானுடவியல் பாடம் ஒன்று, அடுத்தது கணிதம் அல்லது அறிவியல், நான்காவது மானுடவியல், கணிதம், அறிவியல் இவற்றில் ஏதாவது, ஐந்தாவது எதுவானாலும் சரி.

ஒரு பாடம் குறைந்தது, ஆகவே சுலபமாகிவிட்டது என்று பலர் பேசிக்கொள்கிறார்கள். வகுத்துப் பாருங்கள். ஆறு பாடத்துக்கு 20 என்றால் சராசரி 3.33. ஐந்து பாடத்துக்கு 16 என்றால் 3.2. அதாவது நான்கு பி3, ஒரு பி4 என்பதே எல்லை. கயிறு ஒரு துளி இறுகியிருக்கிறது. குறைந்திருப்பது பாடச் சுமைதான், அதுவும் தேவையில்லாத எட்டாவது பாடத்தை எடுக்காதவர்களுக்கு மட்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆங்கிலம் பி3, ஒருங்கிணைந்த மானுடவியல் பி3, இ மேத்ஸ் (அடிப்படைக் கணிதம்) ஏ2, ஒருங்கிணைந்த அறிவியல் பி4, ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) சி5, தமிழ் ஏ1. இடங்களை நிரப்பினால் 3, 3, 2, 4, 1, மொத்தம் 13. ஏ மேத்ஸ் சி5 எங்கேயும் வரவில்லை. இதே பிள்ளைக்கு மானுடவியலில் பி3-க்குப் பதில் சி6 விழுந்தால் 16, வாசற்படியில் நிற்கிறான். டி7 விழுந்தால் 17. தமிழில் ஏ1, கணிதத்தில் ஏ2 இருந்தும் கதவு திறக்காது. ஆர்1 என்ற அந்த மானுடவியல் இடத்தை வேறு எந்தப் பாடத்தாலும் ஈடுகட்ட முடியாது என்பதுதான் காரணம். அறிவியல் சொதப்பினால்கூட இ மேத்ஸையும் ஏ மேத்ஸையும் போட்டுத் தப்பிக்கலாம். மானுடவியலுக்கு அந்த வழி இல்லை.

இந்த 16 என்பது சலுகைப் புள்ளிகளைக் கழிப்பதற்கு முன்னால் உள்ள மொத்தம். இணைப்பாட நடவடிக்கைப் புள்ளி, உயர் தாய்மொழிப் புள்ளி எல்லாம் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்ற போட்டியில் உதவும். 17-ஐ 15 ஆக்கிக் கொடுத்துத் தகுதி வாங்கித் தராது. வருடா வருடம் யாராவது இதில் ஏமாறுகிறார்கள்.

மொத்தத்துக்கு வெளியே மூன்று தனி நிபந்தனைகளும் உண்டு: ஆங்கிலத்தில் குறைந்தது சி6, கணிதத்தில் (இ மேத்ஸோ ஏ மேத்ஸோ) குறைந்தது டி7, தாய்மொழியில் குறைந்தது டி7. உயர்தமிழ் எழுதியவருக்கு இ8 போதும். ஆக, கல்லூரிக்குப் போக நினைக்கிறவருக்கு உண்மையான பட்டியல் ஆறு ஜி3 பாடங்கள்: ஆங்கிலம், தமிழ், கணிதம், மானுடவியல், அறிவியல், இன்னொன்று. அந்த இன்னொன்றும் கட்டாயமில்லை, காப்புக்காகத்தான். ஏழு என்றால் தாராளம். எட்டு எடுக்கச் சொல்லி அழுத்துகிறவர்களிடம், எட்டாவது எந்த இடத்தை நிரப்பப் போகிறது என்று கேளுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு இஎல்ஆர்2பி2: ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புள்ள இரண்டு பாடங்கள், மீதமுள்ளவற்றில் சிறந்த இரண்டு. ஆங்கிலத்துக்குப் பதிலாக உயர்தமிழை இங்கே போட முடியாது. தொடர்புள்ள இரண்டு என்ன என்பது படிப்பு வகையைப் பொறுத்தது. பொறியியல், அறிவியல் பக்கம் என்றால் ஒன்று கணிதம், மற்றது அறிவியல் சார்ந்த பாடம். வணிகப் பக்கம் கணக்கியல் கைகொடுக்கும். தொடக்கக் கல்லூரிக் கணக்கில் அதே கணக்கியல் "எதுவானாலும் சரி" என்ற கடைசி இடத்தில் மட்டுமே உட்காரும். 2028-இலிருந்து சிறந்த இரண்டில் ஒன்று ஜி2 பாடமாக இருக்கலாம் என்பது பெரிய மாற்றம். நான்கு ஜி3, ஒரு ஜி2 என்ற கலவையோடு முதலாம் ஆண்டுக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஜி2 எது என்பதில் கவனம் வேண்டும். பொறியியல் நினைப்பவர் கணிதத்தை ஜி2-இல் வைத்துவிட்டு மானுடவியலை ஜி3-இல் பிடித்துக்கொண்டிருந்தால் கலவை தலைகீழ். மாற்றிச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பட்டயப் படிப்புக்கும் குறைந்தபட்சத் தரங்கள் தனியாக உண்டு. பொறியியல் பட்டயப் படிப்புகளில் பொதுவாகக் காண்பது: ஆங்கிலம் டி7, கணிதம் சி6, அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடம் ஒன்றில் சி6. மொத்தப் புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறைந்தபட்சம் தவறினால் விண்ணப்பம் நிற்காது. கல்லூரிகளின் இணையப் பக்கத்தில் படிப்பின் பெயரைத் தட்டி இதை உயர்நிலை இரண்டிலேயே பார்த்து வைக்கலாம், காசா பணமா.

பெரும்பாலும் ஜி2 பாடங்கள் எடுப்பவருக்கு பலதுறைத் தொழிற்கல்லூரி அடித்தளத் திட்டமும், ஐடிஇ-யின் மூன்றாண்டு ஹையர் நைட்டெக் தொழிற்சான்றிதழ்ப் படிப்பும் இருக்கின்றன. அங்கே ஆங்கிலம், கணிதம் இரண்டும்தான் தூண்கள். மற்ற பாடங்களில் பரந்து போவதைவிட இந்த இரண்டைக் கெட்டிப்படுத்துவதே பலன் தரும்.

இனி பாடங்கள் ஒவ்வொன்றாக.

ஏ மேத்ஸ் பற்றித்தான் வீட்டில் சண்டையே நடக்கும். மேலே பார்த்தபடி, தொடக்கக் கல்லூரிக்குள் நுழைய அது தேவையில்லை. நுழைந்தபின் எச்2 கணிதம் (எச்2 என்பது அங்கே முழுப் பாடம், எச்1 அதில் பாதி) எடுக்கத்தான் தேவை. எச்2 பாடத்திட்டமே ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. பொறியியல், கணினியியல் போன்ற பல்கலைக்கழகப் படிப்புகளைக் கல்லூரி வழியாக எட்ட நினைத்தால் எச்2 கணிதம் வேண்டியிருக்கும். எனவே அந்தப் பக்கம் ஆசை இருந்தால் ஏ மேத்ஸை எடுங்கள், சி5 வந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால், உயர்நிலை இரண்டில் இயற்கணிதம் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளாதீர்கள். காரணிப்படுத்தல், இயற்கணிதப் பின்னங்கள், சமன்பாட்டில் வேண்டிய மாறியைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவருதல் இந்த மூன்றும் கை தானாகச் செய்ய வேண்டும். ஆண்டிறுதித் தேர்வுத்தாளை எடுத்து இந்தக் கேள்விகளை மட்டும் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட அதுவே சரியான துப்பு. வடிவியலிலும் புள்ளியியலிலும் வாங்கிய மதிப்பெண் 75-ஐத் தாண்ட வைத்திருக்கலாம். ஏ மேத்ஸில் அவற்றுக்கு அவ்வளவு வேலையில்லை. சேர்த்த பிறகு பள்ளியிடம் பேசிக் கைவிடுவது நடக்கும். கைவிட்டதை நடுவில் திரும்ப எடுப்பதோ, எடுக்காததைப் புதிதாகச் சேர்ப்பதோ அநேகமாக நடக்காது.

அறிவியலில் தனிப்பாடமா, ஒருங்கிணைந்ததா? ஒருங்கிணைந்த அறிவியல் இரண்டு துறையைக் கொண்ட ஒரே பாடம். சாதாரண நிலைத் தேர்வு அமைப்பில் தனி வேதியியலுக்குச் செய்முறை 20 விழுக்காடு, பல்விடைத் தேர்வு 30, எழுத்து 50. ஒருங்கிணைந்ததில் செய்முறை 15, பல்விடை 20, இரண்டு எழுத்துத் தாள்கள் தலா 32.5. தனிப்பாடங்கள் இரண்டு எடுத்தால் இரண்டு தரங்கள் கிடைக்கும், அதுவே அதன் லாபம். பாடத்தின் ஆழமும் கூடும், அதுவே அதன் விலை. எந்தத் துறைகள் என்பதில் ஒரு விஷயம்: மருத்துவம் நினைப்பவருக்கு எச்2 வேதியியல் கட்டாயம், கூடவே உயிரியல் அல்லது இயற்பியல். இயற்பியல்-உயிரியல் என்ற ஒருங்கிணைந்த ஜோடியை எடுத்து வேதியியலை விட்டவர் அந்தப் பாதையைப் பதினான்கு வயதிலேயே மிகக் கடினமாக்கிக்கொள்கிறார். உயிரியலை விட்டாலும் பின்னால் பிடிக்க வழியுண்டு, வேதியியலை விடாதீர்கள்.

மானுடவியலுக்கு வருவோம், ஏனென்றால் புள்ளிகள் இங்கேதான் சத்தமில்லாமல் ஒழுகுகின்றன. பெரும்பாலோர் எடுப்பது ஒருங்கிணைந்த மானுடவியல்: பாதி சோஷியல் ஸ்டடீஸ், பாதி வரலாறு, புவியியல், ஆங்கில இலக்கியம் இவற்றில் ஒன்று. தனிப்பாடமாக வரலாறு எடுத்தாலும் சோஷியல் ஸ்டடீஸ் போகாது, கூடவே வரும். டியூஷன் காசு கணிதத்துக்கும் அறிவியலுக்கும் போய்விட, இது கடைசியில் நிற்கிறது. ஆர்1 என்ற இடத்தை அது ஒன்றுதான் நிரப்புகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ளும்போது உயர்நிலை நான்கின் பாதி போயிருக்கும்.

சோஷியல் ஸ்டடீஸில் மதிப்பெண் போவது ஆதார அடிப்படையிலான கேள்விகளில். பிள்ளைகள் செய்வது, கொடுத்த ஆதாரத்தை வேறு வார்த்தையில் திருப்பி எழுதுவது. தேர்வாளர் கேட்பது அனுமானம், அதற்கு ஆதாரத்திலிருந்து மேற்கோள், அந்த மேற்கோள் எப்படி அனுமானத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம். இரண்டு ஆதாரங்களை ஒப்பிடச் சொன்னால் ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டும். ஒன்று செலவைப் பற்றி, மற்றது பாதுகாப்பைப் பற்றி என்று எழுதினால் அது ஒப்பீடே ஆகாது. "இந்த ஆதாரத்தை நம்பலாமா" என்றால் இன்னொரு ஆதாரத்தோடு மோத வைத்துப் பார்க்க வேண்டும். இவை மனப்பாடத்தால் வராது, வாரம் ஒரு கேள்வி எழுதித் திருத்தினால் வரும். விருப்பப் பாதியைப் பொறுத்தவரை, கட்டுரை எழுத வராத, ஆனால் வரைபடமும் தரவும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புவியியல் பொருந்தும். இலக்கியத்தைச் சுலபம் என்று நினைத்து எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கிற பிள்ளைக்கே அது சுலபம்.

தமிழ். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஐந்தாவது இடத்தை நிரப்பப் போவது இதுதான். பல நேரம் சான்றிதழிலேயே மிகச் சிறந்த தரமும் இதுதான். அதனால்தான் "தமிழை ஜி2-க்கு இறக்கிவிட்டு மற்றதைக் கவனிக்கலாம்" என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஜி2 தமிழ் தொடக்கக் கல்லூரிக் கணக்கில் வராது, தாய்மொழி நிபந்தனைக்கும் இடைஞ்சல். பலதுறைத் தொழிற்கல்லூரியே இலக்கு, தமிழ் உண்மையாகவே எட்டவில்லை என்றால் மட்டும் அது சரியான முடிவாகலாம்.

தமிழில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மதிப்பெண் வாய்மொழியிலும் கேட்டலிலும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசினாலே அதில் பாதி வேலை முடிந்தது. ஆனால் காணொளியைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் பகுதியில் "நல்லா இருந்துச்சு" என்பதைத் தாண்டிக் காரணம், எடுத்துக்காட்டு, தன் பரிந்துரை என்று மூன்று நான்கு நிமிடம் நகரத் தெரிய வேண்டும். எழுத்தில் மின்னஞ்சல் பகுதியில் பலர் இழப்பது மொழிக்காக அல்ல, கேட்ட குறிப்புகளில் ஒன்றை விட்டுவிடுவதற்காக. அடுத்தது ல-ள-ழ, ர-ற, ண-ந-ன. புதிய எஸ்இசி அட்டவணையில் ஆங்கிலம், தாய்மொழி எழுத்துத் தேர்வுகள் செப்டம்பரிலேயே வந்துவிடுகின்றன, மற்றவை அக்டோபரிலிருந்து. "பள்ளியின் பிரிலிம் தேர்வு முடிந்ததும் தமிழைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டால் காலம் இருக்காது.

உயர்தமிழ் எடுக்க முன்பெல்லாம் பிஎஸ்எல்இ மொத்த மதிப்பெண் குறுக்கே நிற்கும். 2026-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து, மொத்தம் எப்படி இருந்தாலும் தாய்மொழியில் சிறப்பாகச் செய்தவர்கள் எடுக்கலாம். நன்மைகள் நடைமுறை சார்ந்தவை: ஆங்கிலம் பலவீனம் என்றால் எல்1 இடத்தில் உயர்தமிழை வைக்கலாம், டி7 அல்லது அதற்கு மேல் வாங்கினால் தொடக்கக் கல்லூரியில் எச்1 தமிழ் எழுத வேண்டியதில்லை. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர்கள் பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போகிறார்கள். ஜூரோங் மேற்கிலோ பாசிர் ரிஸ்ஸிலோ பள்ளி என்றால் ஃபேரர் பார்க் வரை போய்த் திரும்புகிற நேரத்தை, இணைப்பாட நடவடிக்கை நாட்களோடு மோதுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கைவினை, கலைப் பாடங்களில் ஒரு எச்சரிக்கை போதும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் செய்திட்டத்துக்கே 60 விழுக்காடு. கை தேர்ந்த பிள்ளைக்கு வரம். உயர்நிலை நான்கில் பட்டறையில் கழியும் பிற்பகல்கள் மற்ற பாடங்களின் நேரத்தைத் தின்னும்.

கடைசியாகப் படிவம். பள்ளிகள் பொதுவாக ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகு, அக்டோபர் வாக்கில் இதைத் தருகின்றன. விருப்ப வரிசையில் காம்பினேஷன்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடங்கள் கணக்கு உண்டு, முன் தகுதி மதிப்பெண்ணும் உண்டு. 2023-க்குள் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டதால், ஆண்டுமுழுக்கத் தவணைக்கு ஒன்றாக வரும் சிறு மதிப்பீடுகளும் இந்த மொத்தத்தில் சேர்கின்றன. மார்ச் மாத மதிப்பீட்டை "சின்ன டெஸ்ட்தானே" என்று விட்டவர் அக்டோபரில் ஒரு மதிப்பெண்ணில் தனி வேதியியலை இழப்பது சாதாரணம்.

பள்ளி நடத்தும் விளக்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை சில: தரவரிசை எல்லாப் பாடங்களின் சராசரியா, குறிப்பிட்ட பாடங்களுக்குக் கூடுதல் எடையா? ஒரு பாடத்தை ஜி2-இலிருந்து ஜி3-க்கு ஏற்ற எந்த மாதம் முடிவெடுப்பார்கள், என்ன மதிப்பெண் பார்ப்பார்கள்? நாம் விரும்பும் இரண்டு பாடங்கள் கால அட்டவணையில் ஒரே நேரத்தில் விழுகின்றனவா? முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு எப்போது முடிகிறது? கடைசிக் கேள்வியை மறந்துவிட்டு டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான், பதில் மின்னஞ்சலில்தான் வரும்.